முற்பகல் மட்டும் வந்தவர்கள்

செங்காட்டுப்பாளையம் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு வரலாறு என்று அதுவரை இருந்தது ஒரே ஒரு பக்கம்தான். தட்டச்சு செய்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, தலைமை ஆசிரியர் அறையில் மாட்டியிருந்தார்கள். 1951இல் ஒரு கொட்டகையில் இருபத்திரண்டு பிள்ளைகளோடு தொடக்கப் பள்ளி. 1963இல் நடுநிலைப் பள்ளி. 1984 ஆகஸ்ட் மாதம் உயர்நிலைப் பள்ளி. அதற்கு வேண்டிய நான்கு வகுப்பறைகளைத் தன் செலவில் கட்டிக்கொடுத்தவர் நூற்பாலை உரிமையாளர் வேங்கடசாமி. அவருடைய மில் மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. ஆனால் அவர் பெயர் அந்தக் கட்டடத்தின் நெற்றியில் சிமெண்ட் எழுத்துகளில் அப்படியே இருந்தது. பிள்ளைகள் அதை மில்லு பில்டிங் என்பார்கள்.

2024இல் நாற்பதாம் ஆண்டு விழா எடுப்பதென்றும் மலர் ஒன்று போடுவதென்றும் முடிவானது. வேங்கடசாமியின் பேரன் ஹர்ஷா, பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு கம்பெனி நடத்துகிறவர், விழாக் குழுத் தலைவர் ஆனார். மலருக்குப் பள்ளியின் வரலாற்றை எழுதும் வேலை இளவேனிலுக்கு வந்தது. அவள் சமூக அறிவியல் ஆசிரியை. அதோடு, அந்தப் பள்ளியிலேயே படித்து அந்தப் பள்ளிக்கே ஆசிரியையாக வந்தவளும் அவள் ஒருத்திதான்.

"எட்டுப் பக்கம் வேணுங்க. போட்டோ இருந்தாலும் போடலாம்," என்றார் தலைமை ஆசிரியை வரலட்சுமி.

ஒரு பக்கத்தை எட்டுப் பக்கமாக்குவது எப்படி? இளவேனில் ஸ்டாக் ரூம் சாவியை வாங்கினாள். உடைந்த பெஞ்சுகளுக்கும் பழைய தேர்தல் பெட்டிகளுக்கும் பின்னால் ஒரு பச்சை பீரோ இருந்தது. அதன் அடித்தட்டில், எப்போதோ அழித்திருக்க வேண்டிய பழைய வருகைப் பதிவேடுகள் சணல் கயிற்றில் கட்டிக் கிடந்தன. யாரும் அழிக்கவில்லை, யாரும் பார்க்கவுமில்லை. கரையான் தின்றது போக மிஞ்சியதில் 1984-85, ஏழாம் வகுப்புப் பதிவேடும் ஒன்று.

அது ஜூலை மாதத்து வெள்ளிக்கிழமை பிற்பகல். பழைய மாணவர்களில் தெரிந்தவர் யாராவது இருந்தால் பேட்டி எடுக்கலாம் என்று பெயர்களின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு வந்தவள், நான்காவது பெயரில் நின்றாள். ர. அங்கப்பன். அவள் அம்மாவின் அண்ணன்.

மாமனை அவள் பார்த்ததில்லை. அவள் பிறப்பதற்குப் பத்து வருடம் முன்பே, பன்னிரண்டு வயதில் செத்துப்போனவர். வீட்டில் அவருக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் மழையில் வீட்டுச் சுவர் இடிந்து விழுந்தது, அவரும் கூட விளையாட வந்திருந்த சென்னியம்மாள், சாமுவேல் என்ற இரண்டு பிள்ளைகளும் அதில் போய்விட்டார்கள் என்று அம்மா சொல்வாள். அதற்கு மேல் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். அந்த மாமனின் பெயரை மையூற்றுப் பேனா எழுத்தில் பார்த்ததும் இளவேனிலுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் எத்தனை நாள் வந்தார், எத்தனை நாள் மட்டம் போட்டார் என்று கட்டம் கட்டமாகப் பார்த்தாள். காலையில் வந்ததற்கு ஒரு சாய்கோடு, மதியம் வந்ததற்கு அதன் குறுக்கே இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால் ஒரு பெருக்கல் குறி, ஒரு முழு நாள். மாமன் மட்டம் போடாத பையன். ஜூன் முழுக்கப் பெருக்கல் குறிகள், ஜூலை முழுக்கப் பெருக்கல் குறிகள்.

ஆகஸ்ட் மூன்று, வெள்ளிக்கிழமை. அந்தப் பத்தியில் முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்குப் பெருக்கல் குறி. மூன்று பேருக்கு மட்டும் ஒற்றைச் சாய்கோடு. அங்கப்பன், சாமுவேல், சென்னியம்மாள்.

காலையில் வந்திருக்கிறார்கள். மதியம் வரவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து மூன்று பெயர்களின் மேலும் சிவப்பு மையில் அடித்த கோடு.

இளவேனில் செல்போனில் காலண்டரைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தாள். 1984ஆம் வருட ஆடிப் பதினெட்டு ஆகஸ்ட் இரண்டு. சரி, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போன நேரத்தில் சுவர் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். தேதியை உறுதி செய்துகொள்ளலாம் என்று அலுவலகத்தில் இருந்த சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தாள். அது நிரந்தரப் பதிவேடு. யார் எப்போது சேர்ந்தார்கள், எப்போது, எதற்காக நீங்கினார்கள் என்பது அதில் இருக்கும்.

அங்கப்பன், த/பெ ரங்கன். நீங்கிய நாள் 30-7-1984. காரணம்: குடும்பம் வெளியூருக்குக் குடிபெயர்வு. மாற்றுச் சான்றிதழ் வழங்கப்பட்டது. கீழே தாத்தாவின் இடது கைப் பெருவிரல் ரேகை.

சாமுவேலுக்கும் அதே தேதி, அதே காரணம். சென்னியம்மாளுக்கும்.

குடும்பம் எங்கேயும் குடிபெயரவில்லை. அந்த வீட்டில்தான் இளவேனில் பிறந்தாள், இன்றைக்கும் அங்கேயிருந்துதான் பள்ளிக்கு வருகிறாள். ஜூலை முப்பதில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனவர் ஆகஸ்ட் மூன்றாம் தேதி காலை எப்படி வகுப்பில் இருந்தார்? அவள் இரண்டு பக்கங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

அம்மா மாசாணியம்மாள் இரும்பு வார்க்கிற பவுண்டரியில் மணல் சலிக்கிற வேலைக்குப் போகிறாள். ஆறு மணிக்கு வந்து, கை கால் கழுவி, டீயோடு உட்கார்ந்தவளிடம் இளவேனில் செல்போனை நீட்டினாள். அம்மா நான்காம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். அண்ணன் பெயரைத் தொட்டதும் படம் நழுவிப் போனது. மறுபடி இழுத்துக்கொண்டு வந்தாள்.

"இது எங்க கெடச்சுது உனக்கு?"

"ஸ்கூல்லதாம்மா. மாமன் அன்னிக்குக் காலைல ஸ்கூலுக்கு வந்திருக்காரு. ஆனா அதுக்கு நாலு நாளைக்கு முந்தியே டி.சி. வாங்கிட்டுப் போனதா இன்னொண்ணுல எழுதியிருக்கு. எனக்கு ஒண்ணும் புரியல."

அம்மா டீயைக் கீழே வைத்தாள். பிறகு, அடுத்த வீட்டுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல, "ஊட்டுச் சுவரு உழுகலை கண்ணு," என்றாள்.

இளவேனில் செல்போனை அணைத்துத் தரையில் வைத்தாள்.

"அப்ப நான் நாலாவது. அண்ணன் ஏழாவது. மத்தியானம் மணியடிச்சா எல்லாரும் சோத்துக்கு ஊட்டுக்குப் போயிருவோம். நான் அண்ணனைக் கூப்புடப் போனேன். பொறத்தால புதுக் கட்டடம் கட்டீட்டு இருந்தாங்க. மூணு பேரும் கொடத்துல தண்ணி கொண்டாந்து சுவத்துக்கு ஊத்தீட்டு இருந்தாங்க. 'நீ போ அம்மணி, நான் வாரேன்'னு அண்ணன் சொல்லுச்சு. நான் திரும்பி நாலு எட்டு வெச்சிருப்பேன்."

அம்மா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தங்கூடப் பெருசா இல்ல. ஈர மண்ணு உழுந்தா என்ன சத்தம் வரும்? சென்னியம்மாளுக்கு மட்டும் கொஞ்ச நேரம் உசுரு இருந்துச்சு."

"ஆஸ்பத்திரிக்கு?"

"மில்லு லாரி வந்துச்சு. ஆஸ்பத்திரிக்குன்னுதான் நெனச்சோம். லாரி மில்லுக்குள்ள போயிருச்சு. பொழுது எறங்கறப்ப எங்க ஊட்டுக்கு ஏழெட்டு மில்லு ஆளுக வந்தாங்க, கடப்பாரையோட. எங்க ஊட்டுச் சுவத்தை இடிச்சாங்க."

இளவேனிலுக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று தோன்றியது. "எதை இடிச்சாங்க?"

"எங்க ஊட்டுச் சுவத்தைத்தான். இந்தா, நீ சாஞ்சு உக்காந்திருக்கறயே, அந்த எடத்துல இருந்த சுவரு. மறுநாள் அதிகாரி பார்க்க வாரப்ப உழுந்த சுவரு ஒண்ணு இருக்கோணுமில்ல? இடிச்சுப்போட்டு, மூணு பேரையும் லாரியில கொண்டாந்து அங்க படுக்க வெச்சு, மேல மண்ணை அள்ளிப் போட்டாங்க."

இளவேனில் சுவரிலிருந்து முதுகை எடுத்தாள். முப்பது வருடமாக அவள் சாய்ந்து படித்த, சாய்ந்து சாப்பிட்ட சுவர். எழுந்து அறையின் நடுவில் நின்றாள். எதைத் தொட்டுக்கொண்டு நிற்பது என்று தெரியவில்லை.

"தாத்தா என்ன பண்ணுனாரு?"

"அய்யன் கையைக் கட்டீட்டு நின்னுச்சு. இது வெளிய தெரிஞ்சா பெரிய ஸ்கூலு வராது, ஆர்டர் வாரப்பப் போயி இப்புடி ஆயிப்போச்சு, மிச்சமிருக்கற பிள்ளைகளாவது படிக்கட்டும்னாங்க. நம்ம வளவுத் தெருவுல பாதிப்பேருக்கு மில்லுலதான் வேலை. அய்யன் என்ன சொல்லும்? ரேகை வெக்கச் சொன்னாங்க, வெச்சுச்சு. எதுக்குன்னு அதுக்குத் தெரியாது. எனக்கு, ஊட்டுச் சுவருன்னு சொல்லோணும்னு சொன்னாங்க. சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே சில சமயம் ஊட்டுச் சுவருதான்னு தோணும்."

"தண்ணி ஊத்தச் சொன்னது யாரு?"

"ராமுலு வாத்தியாரு. அவருதான் ஏழாவதுக்கு."

விழாவுக்கு அழைக்க வேண்டிய பழைய ஆசிரியர்கள் பட்டியலில் அந்தப் பெயர் இருந்தது. ராமுலு, வயது எண்பத்து மூன்று, போத்தனூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் வீடு. சனிக்கிழமை காலை இளவேனில் பஸ் ஏறினாள். என்ன கேட்பது என்று வழியெல்லாம் யோசித்தும் ஒரு வாக்கியம்கூட உருவாகவில்லை.

மெலிந்த மனிதர். சட்டைப் பையில் இன்னும் பேனா இருந்தது. ஸ்கூலிலிருந்து வருகிறேன் என்றதும், "வாங்க அம்மணி, உக்காருங்க," என்று முகம் மலர்ந்தார். மருமகள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். இளவேனில் சுற்றி வளைக்கவில்லை. படத்தைக் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"என்ற கையால போட்ட கோடு," என்றார். பிறகு, "இதை எரிச்சிருப்பாங்கன்னு நெனச்சேன்."

"நான் மாசாணியம்மா பொண்ணுங்க சார். அங்கப்பன் எனக்கு மாமன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றிய கண்ணாடியை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"எச்.எம். புது ரிஜிஸ்டர் கொடுத்து, ஜூலை முப்பதோட மூணு பேரு பேரையும் நிறுத்தி எழுதச் சொன்னாருங்க. மத்தியானம் வகுப்பு நடந்த மாதிரியும் காட்டச் சொன்னாரு. நான் இதே ரிஜிஸ்டர்ல மத்த பிள்ளைகளுக்கெல்லாம் மத்தியானக் கோடு போட்டேன். இவங்க மூணு பேருக்குக் காலைல போட்ட கோடு இருந்துச்சு. அதை அழிக்கக் கை வரல. முழுசாப் போடவும் கை வரல. எழுதியாச்சுங்கன்னு பொய் சொல்லி இதையே பீரோல வெச்சுப்போட்டேன். அவரு திறந்து பார்க்கல."

"நீங்கதான் தண்ணி ஊத்த அனுப்பினீங்களா?"

"ஆமா."

"ஏன் சார் அவங்க மூணு பேரு?"

உள்ளே குக்கர் விசில் அடித்தது. அது அடங்கியதும் அவர் சொன்னார்.

"கொத்தனாருக மத்தியானம் சோத்துக்குப் போயிருவாங்க. சுவரு காயக்கூடாது, நாலு பிள்ளைகளை அனுப்புங்கன்னு எச்.எம். சொன்னாரு. கிளாஸ்ல நாப்பத்தோரு பேரு. மத்த பிள்ளைகளை அனுப்பினா சாயங்காலமே ஊட்டுல இருந்து வந்து, எம்பிள்ளை படிக்க வந்தானா, கல்லு சொமக்க வந்தானான்னு கேப்பாங்க. இவங்க வளவுப் பிள்ளைக, இவங்க ஊட்டுல கேக்கமாட்டாங்க. அன்னிக்குன்னு இல்ல. எப்பவும் இவங்களைத்தான் அனுப்புவேன்."

சாதாரணமாகச் சொன்னார். மூடி மறைக்காமல், அழாமல், கேட்ட கேள்விக்கு விடை சொல்கிறவராக. இளவேனில் கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைக்க இடம் தேடினாள். எதிரே ஸ்டூல் இருந்தும் கண்ணுக்குத் தெரியவில்லை. அவரைத் திட்ட வேண்டும் என்று நினைத்தாள்.

எழுந்து வாசல் வரை வந்துவிட்டாள். பின்னால் அவர் கேட்டார்: "அந்தக் கட்டடத்தை எப்பங்க இடிச்சாங்க?"

"எந்தக் கட்டடம்?"

"அதுதானுங்க, மில்லுக்காரரு கட்டினது."

"இடிக்கலைங்களே. என்ற கிளாஸே அங்கதான். ஒன்பதாவது பி."

அதுவரை நிதானமாக இருந்த மனிதர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழ முயன்றார். "அம்மணி, தெக்கால சுவத்தை மட்டும்தான் திரும்பக் கட்டினாங்க. மத்ததெல்லாம் அப்ப வெச்சதுதான். செங்கல்லுக்கு நடுவுல அத்தனையும் சேறு. சிமெண்டு வெளிப்பூச்சு மட்டும். நான் கண்ணால பார்த்தது. ரிட்டயர் ஆனப்புறம் நான் அந்தப் பக்கமே வரலீங்க. எப்பவோ இடிச்சிருப்பாங்கன்னு நெனச்சேன்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் காற்றும் மழையுமாக இருந்தது. தகரக் கூரையில் மழை விழுகிற ஒவ்வொரு முறையும் இளவேனிலுக்கு மில்லு பில்டிங்கின் சுவர்கள் நினைவுக்கு வந்தன. நல்லவேளை, இன்று அங்கே யாரும் இல்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

திங்கட்கிழமை முதல் மணி அடிப்பதற்கு முன்னாலேயே போய் ஒன்பதாவது பி பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேரையும் வெளியே அழைத்து வந்து, சத்துணவுக் கூடத்தில் உட்கார வைத்தாள். பக்கத்து மூன்று அறைகளின் ஆசிரியர்கள் வேடிக்கை பார்த்தார்கள். வரலட்சுமி குடையோடு வேகமாக வந்தார்.

"என்னங்க இது? யாரைக் கேட்டு வெளிய கொண்டாந்தீங்க?"

இளவேனில் இரண்டு படங்களையும் காட்டி, அம்மா சொன்னதையும் ராமுலு சொன்னதையும் நின்ற இடத்திலேயே சொன்னாள். கேட்கக் கேட்க வரலட்சுமியின் வாய் லேசாகத் திறந்துகொண்டது. சுவரை இடித்த இடம் வந்தபோது, "போதும்," என்று கையைக் காட்டினார். ஆனால் அடுத்த நிமிடமே அதிகாரி ஆகிவிட்டார்.

"பாருங்க, நடந்தது ரொம்பக் கொடுமை. இல்லைங்கல. ஆனா பில்டிங்குக்கு ஒவ்வொரு வருஷமும் சர்ட்டிபிகேட் வாங்கித்தான் வெச்சிருக்கோம். வயசானவரு ஒருத்தரு சொன்னாருன்னு நாலு ரூமைக் காலி பண்ணுனா மேல என்னன்னு சொல்றது? விழாவுக்கு மூணு வாரந்தான் இருக்குது."

"மேடம், நீங்க என்ன வேணாச் செய்ங்க. என்ற பிள்ளைகளை நான் உள்ள விடமாட்டேன்."

வரலட்சுமி முன்வரிசையில் இருந்த யுவஸ்ரீ என்ற பெண்ணிடம் ஜாமெட்ரி பாக்ஸைக் கேட்டு வாங்கி, அதிலிருந்து காம்பஸை எடுத்துக்கொண்டு காலியாக இருந்த ஒன்பதாவது பி வகுப்புக்குள் போனார். இளவேனிலும் பின்னால் போனாள். கரும்பலகைக்குப் பக்கத்தில் பூச்சு உதிர்ந்து, இரண்டு செங்கற்கள் தெரிகிற இடம் ஒன்று இருந்தது. எல்லோரும் தினமும் பார்க்கிற இடம். வரலட்சுமி இரண்டு கல்லுக்கும் நடுவில் காம்பஸின் முள்ளை வைத்து அழுத்தினார். தயிருக்குள் போவதுபோல முள் முழுக்க உள்ளே போனது. வெளியே இழுத்தபோது நுனியில் ஈரச் செம்மண் ஒட்டியிருந்தது.

அவர் அதை விரலால் தேய்த்துப் பார்த்தார். வராந்தாவுக்கு வந்து, மற்ற மூன்று அறைகளையும் பார்த்து, பிள்ளைகளைப் பைகளை எடுக்காமல் அப்படியே வெளியே வரச் சொன்னார். நடந்துதான் வரவேண்டும், யாரும் ஓடக்கூடாது என்றார். அவர் குரல் அப்படி உடைந்து அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. நூற்று இருபது பிள்ளைகள் மழைத் தூறலில் மைதானத்தைக் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டே, "எட்டு வருஷமா நான் இங்க இருக்கேன்," என்று இளவேனிலிடம் சொன்னார். "எட்டு வருஷமா இவங்களை நான்தான் இதுக்குள்ள உக்கார வெச்சிருக்கேன்."

மதியத்துக்கு மேல் இன்ஜினியர் வந்தார். செய்தி எப்படியோ எட்டி, ஹர்ஷாவும் காரில் வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயது, பணிவான பேச்சு.

"தாத்தா கட்டிக்கொடுத்ததுங்க இது. எங்க ஊட்டுல தாத்தா போட்டோவுக்குப் பக்கத்துல இந்த பில்டிங் போட்டோதான் இருக்குது. இதைப் பத்தி என்னென்னமோ சொல்றாங்களே?"

இளவேனில் செல்போனை நீட்டினாள். அவர் பார்த்தார். முதலில் கேட்டது, "இதை யார் யாருங்க பார்த்திருக்காங்க?" என்பதுதான். கேட்ட பிறகு அவருக்கே கூச்சமாகிவிட்டது போலிருந்தது, தலையைத் திருப்பிக்கொண்டார்.

இன்ஜினியரின் ஆள் வெளிப்பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுக் கடப்பாரையால் ஒரு நெம்பு நெம்பினான். ஒரு செங்கல் முழுசாகக் கையோடு வந்தது. அதன் பின்னால் மண் பொலபொலவென்று கொட்டி, கொட்டிக்கொண்டே இருந்தது. "நிறுத்துப்பா," என்று இன்ஜினியர் கத்திவிட்டு இரண்டடி பின்னால் வந்தார். "இத்தனை நாள் இது நின்னதே ஆச்சரியம்," என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

ஹர்ஷா குனிந்து ஒரு கை மண்ணை அள்ளிப் பார்த்தார். "கான்ட்ராக்டர் யாரோ தாத்தாவை ஏமாத்தியிருக்காங்க."

"இருக்கலாங்க," என்றாள் இளவேனில். "ஆனா எங்க ஊட்டுச் சுவத்தை இடிச்சது கான்ட்ராக்டர் இல்லைங்க."

அவருக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள், அம்மா சொன்ன அதே வார்த்தைகளில். லாரி, கடப்பாரை, மேலே அள்ளிப் போட்ட மண். ஹர்ஷா கையிலிருந்த மண்ணைக் கீழே போடவில்லை. அதைப் பிடித்தபடியே காரை நோக்கி நடந்தார். கார் கதவைத் திறக்க அந்தக் கையை நீட்டியபோதுதான் பார்த்தார். பேன்ட்டில் துடைத்துக்கொண்டு ஏறிப் போனார்.

விழா நடக்கவில்லை. கட்டடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, ஆகஸ்ட் கடைசியில் ஜே.சி.பி. வைத்து இடித்தார்கள். அரைநாள் வேலைகூட இல்லை. வகுப்புகள் காலை, மாலை என்று இரண்டு வேளையாகப் பிரிந்தன. இதற்கிடையில் ஒருநாள் ஹர்ஷா போன் செய்தார். "எங்க அப்பாகிட்டக் கேட்டேங்க," என்றார். "அப்பாவுக்குத் தெரியுமாங்க. எல்லாமே தெரியுமாம்." அவ்வளவுதான். பிறகு அவர் அழைக்கவில்லை.

ராமுலு தன் கைப்பட நான்கு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு, மகன் தடுத்தும் கேட்காமல், பதிவுத் தபாலில் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பினார். யாரை அனுப்பினேன், ஏன் அவர்களை அனுப்பினேன் என்பதும் அதில் இருந்தது. சேர்க்கைப் பதிவேட்டைத் திருத்தக் கோரி வரலட்சுமியும் கடிதம் எழுதினார். இறந்தவர்களின் குடும்பத்திலிருந்து மனு வேண்டும் என்று பதில் வந்தது.

இளவேனில் மனுவை எழுதி அம்மாவிடம் படித்துக் காட்டினாள். மூன்று பேரும் பள்ளி வளாகத்தில் சுவர் விழுந்து இறந்ததாகப் பதிவு செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தாள்.

"தானா உழுந்த மாதிரி இருக்குதே கண்ணு," என்றாள் அம்மா. "பள்ளிக்கூடத்து வேலை செய்யச் சொல்லி அனுப்புன எடத்துலன்னு எழுது. எங்க ஊட்டை இடிச்சதையும் எழுது. அய்யன் எங்கயும் குடி போகலைன்னு எழுது."

இளவேனில் எழுதினாள்.

செப்டம்பரில் விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். அம்மா அரைநாள் லீவு சொல்லிவிட்டு, பவுண்டரி மணல் ஒட்டிய வேலைச் சேலையோடு வந்தாள். 1984க்குப் பிறகு அந்தக் கேட்டைத் தாண்டி அவள் உள்ளே வந்தது அதுதான் முதல்முறை என்பது இளவேனிலுக்கு அப்போதுதான் உறைத்தது. தான் படித்த காலத்து ஆண்டு விழாவுக்கும், பத்தாம் வகுப்பில் பரிசு வாங்கிய அன்றைக்கும் அப்பாதான் வந்திருந்தார். அம்மாவுக்கு வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி நல்லவராகத்தான் தெரிந்தார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "நாப்பது வருஷத்துக்கு முந்தினது. சாட்சி இன்னும் வேணுங்கம்மா. நேர்ல பார்த்தவங்க வேற யாராவது இருக்காங்களா?" என்றார்.

"நான் பார்த்தனுங்க," என்றாள் அம்மா.

"உங்களுக்கு அப்ப ஒன்பது வயசு. எந்த இடம்னாவது ஞாபகம் இருக்குங்களா?"

அம்மா எழுந்து வெளியே நடந்தாள். அதிகாரியும் வரலட்சுமியும் இளவேனிலும் பின்னால் போனார்கள். கட்டடம் இருந்த இடம் இப்போது வெறும் செம்மண் தரை. அடையாளத்துக்கு ஒரு மரமோ கல்லோ கிடையாது. ஆனால் அம்மா ஒருமுறைகூடத் தயங்கவில்லை. கிழக்கே பார்த்து நின்று, ஏழெட்டு அடி நடந்து, நின்றாள்.

"கொழாய் அங்க இருந்துச்சு. சுவரு இப்புடிக்கா. சாமுவேலு இங்க." இரண்டடி தள்ளி, "சென்னியம்மா இங்க. தலை அந்தப் பக்கம்." பிறகு இளவேனில் நின்றிருந்த இடத்தைக் காட்டினாள். "அண்ணன் அங்க."

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டார். இளவேனில் இரண்டடி விலகி நின்றாள். அது ஒன்பதாவது பி அறையின் கடைசி மூலை. மூன்று வருடமாகப் பிள்ளைகளுக்கு அவள் வரைபடம் தொங்கவிடுகிற இடம்.

அம்மா வெயிலுக்குக் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு அதிகாரியைப் பார்த்தாள். "இன்னும் ஏதாச்சும் கேக்கோணுங்களா? ரெண்டு மணிக்கு வேலைக்குப் போகோணும்."

அவர் இல்லை என்று தலையாட்டினார். அம்மா மூன்று இடங்களையும் மிதிக்காமல் சுற்றிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தாள்.